என் வாயசைவுக்கு அவள் குரல்

2024 ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். கண்டியில் தூறல். வார்டின் ஜன்னல் கண்ணாடியில் நீர் கோடுகோடாக இறங்கிக்கொண்டிருந்தது. தாதி ஒருத்தி என் கட்டிலுக்கு வந்து, சிங்களத்தில் பெயர் கேட்டாள். சொன்னேன். காற்று மட்டும்தான் வந்தது.

மயக்கம் தெளியவில்லை என்று அவள் நினைத்திருக்க வேண்டும். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். நாக்கு அசைந்தது, உதடு அசைந்தது, மூச்சும் சரியான இடத்தில் போய்ச் சரியான இடத்தில் நின்றது. ஒலி மட்டும் இல்லை. நாற்பத்து மூன்று வருடம் அந்த ஒலியை விற்றுச் சாப்பிட்டவன் நான். வானொலி நாடகம், விளம்பரம், பிறமொழித் தொடர்களுக்குத் தமிழ்க் குரல். அறுபத்தொரு அப்பாக்கள், இருபத்தெட்டு பொலிஸ்காரர்கள், ஒன்பது சாமியார்கள், சிறுவர் படத்தில் ஒரு கரடி. எல்லோரும் ஒரே இரவில் போய்விட்டார்கள்.

கழுத்தில் எலுமிச்சங்காய் அளவில் இருந்த கட்டியை எடுத்தார்கள். கட்டி கெட்டதல்ல. ஆனால் அதற்குப் பின்னால் நூல்போல ஒரு நரம்பு போகிறதாம். அதற்கு அதிர்ச்சி. குரல் நாண் இரண்டில் இடது பக்கத்து நாண் அசையாமல் நிற்கிறது என்று டொக்டர் விரல்கள் இரண்டை வைத்துக் காட்டினார். ஒரு விரல் ஆடியது, மற்றது சும்மா இருந்தது. ஆறு மாதத்துக்குள் நரம்பு எழும்பினால் குரல் வரும். எழும்பாவிட்டால் வேறு வழி பார்க்கலாம், ஆனால் பழைய வேலையை மறந்துவிடுங்கள் என்றார். அதுவரை பேச முயலக் கூடாது. கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல். நான் உடனே கணக்குப் பார்த்தேன். டிசம்பர் 18. புதன்கிழமை.

அந்த நேரத்தில் கொழும்பில் ஒரு தொடருக்கு மாமனார் குரல் கொடுத்துக்கொண்டிருந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பகுதி முடிந்திருந்தது. ஓய்வுபெற்று ஹட்டனுக்குத் திரும்பி வந்த பிறகும் மாதத்தில் இரண்டு தடவை ரயிலேறிப் போய் அதைச் செய்தேன். காத்திருக்கிறோம் என்று சொன்னார்கள், பதினான்கு நாள் காத்திருந்தார்கள். புதிய ஆளின் குரலைத் தொலைக்காட்சியில் கேட்டேன். முதல் ஒரு நிமிடத்தில் ஏழு இடத்தில் வாய் ஒட்டவில்லை.

ஒட்டுவது என்றால் இதுதான். திரையில் இருப்பவன் வேறு மொழியில் பேசுகிறான். அவன் உதடுகள் மூடும் இடங்களை முதலில் எண்ண வேண்டும். நம் வசனத்திலும் அந்தந்த இடத்தில் உதடு மூடும் எழுத்து வர வேண்டும், இல்லாவிட்டால் பார்ப்பவனுக்கு எங்கோ உறுத்தும். நான் எதையும் எண்ணுகிறவனாக ஆனது இந்தத் தொழிலால்தான் என்று சொல்லுவேன். என் மனைவி, இல்லை, நீங்கள் பிறந்ததே அப்படித்தான் என்பாள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் எழுதிக் காட்டினேன். அவளுக்கு வலது கண்ணில் புரை. கண்ணாடியைத் தேடி, மாட்டி, தாளை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வாசிப்பதற்குள் பால் பொங்கிவிடும். ஒன்பதாம் நாள் பேனாவைப் பிடுங்கி மேசையில் வைத்தாள்.

"எழுதாதீங்க. வாயை அசைங்க, போதும். நாப்பது வருஷமா இந்த வாயைத்தானே பாத்துக்கிட்டு இருக்கேன்."

அது உண்மைதான். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பலகை அடித்துப் பிரித்த ஓர் அறையில் நாங்கள் இருபத்திரண்டு வருடம் குடியிருந்தோம். பக்கத்து அறைக்காரர் இரவு வேலைக்குப் போகிறவர், பகலில் தூங்குவார். ஆகவே நான் ஒத்திகையைச் சத்தமில்லாமல், வாயசைவாலேயே பார்ப்பேன். எதிரில் உட்கார்ந்து அவள் மற்றவர்களின் வசனத்தை மெதுவாகச் சொல்லுவாள். கதாநாயகி, கதாநாயகன், நீதவான், பிள்ளையைத் தொலைத்த தாய், எல்லாம் அவள்தான். வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்லுவாள். நான் முடிக்கும் இடம் அவளுக்குத் தெரியாமல் போனதாக ஒரு நாளும் நினைவில்லை. அதை ஒரு திறமை என்று நான் எண்ணியதே இல்லை. இவ்வளவு எண்ணியவன் அதை எண்ணவில்லை.

அன்று முதல் என் குரல் அவள். நான் வாயசைப்பேன், அரை நொடி பின்னால் அவள் பேசுவாள். முதலில் மருந்துக் கடை, பிறகு பேக்கரி, பிறகு வாசலுக்கு வருகிறவர்கள். எனக்கு வியப்பாக இருந்தது. அவள் பேசுவதைக் கேட்பவர்களின் கண்கள் என் முகத்தில்தான் இருந்தன. நல்ல டப்பிங் என்றால் அப்படித்தான், குரல் கொடுக்கிறவன் காணாமல் போக வேண்டும்.

ஆனால் இரண்டாம் வாரத்திலேயே ஒரு விஷயம் தெரிந்தது. அவள் என் வசனத்தை மாற்றினாள்.

எங்கள் வீட்டுப் படிக்கட்டை மறித்து ஆட்டோவை நிறுத்தும் பக்கத்து வீட்டுப் பையனிடம், இன்னும் ஒரு தடவை இங்கே நிறுத்தினால் சில்லுக் காற்றை இறக்கிவிடுவேன் என்று நான் வாயசைத்தேன். அவள் அதே வேகத்தில், அதே இடத்தில் மூச்சு விட்டு, "மழையில வண்டி நனையுது தம்பி, அந்தச் சீட்டுக்குக் கீழ உள்ளுக்கு நிப்பாட்டிக்கங்கன்னு சொல்றாரு" என்றாள். சீட்டு என்றது எங்கள் தகரக் கொட்டகையை. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். அன்றிலிருந்து ஆட்டோ கொட்டகைக்குள் நின்றது. படிக்கட்டு காலியாக இருந்தது. நான் கேட்டதும் அதுதான், ஆகவே சண்டைக்கும் வழியில்லை.

இப்படியே போனது. தேயிலைத் தூளில் தூசி கலந்து விற்றவனுக்கு நான் சொன்னது வேறு, அவன் கேட்டது வேறு. கோயில் தலைவர் வந்தபோதும் அப்படியே. ஒரு மாதத்தில், ஒப்பரேஷனுக்குப் பிறகு ஐயா எவ்வளவு தன்மையாக ஆகிவிட்டார் என்று தெருவில் பேச்சு. என் காதுபடவே சொன்னார்கள். காது எனக்கு நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு, பகல் பதினொன்றே கால். வெயிலும் தூறலும் சேர்ந்து இருந்தன. வாசலில் என் தம்பி நின்றான்.

அவனை நான் பத்தொன்பது வருடம் பார்க்கவில்லை. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், நாங்கள் பிறந்த லயத்து வரிசை வீட்டிலேயே இருக்கிறான். தேயிலை ஃபெக்டரியில் முப்பத்தொரு வருடம் வேலை செய்தவன். எங்கள் அப்பா இறந்தபோது நான் கொழும்பில் ஒலிப்பதிவில் இருந்தேன். செய்தி வந்ததும் இரவு ரயிலில் ஏறினேன். வட்டவளைக்குக் கீழே மண் சரிந்து ரயில் நின்றது. இறங்கி நடந்து, ஒரு லொறியில் தொற்றி, ஹட்டன் வந்து, நோர்வூட்டில் பஸ் மாறி, தோட்டத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு நாற்பது. நான்கு மணிக்கு மண் போட்டிருந்தார்கள். மூத்த மகன் உடைக்க வேண்டிய குடத்தைத் தம்பி உடைத்திருந்தான். மழை இறங்குது, குழியில தண்ணி கட்டுது, எல்லாரும் எடுக்கச் சொன்னாங்க என்றான். நான் கை நனைக்காமல் திரும்பினேன். அதன்பிறகு பேச்சில்லை. நாற்பது நிமிடம் பொறுத்திருக்கலாம் என்று வீட்டில் நான் சொல்லாத மாதம் இல்லை.

அவன் தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு பையில் லீக்ஸும் கிழங்கும். "எப்படி இருக்கீங்கண்ணே? சத்தம் திரும்பி வருமாமா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டான். கோபத்தில் கத்துகிறான் என்று நினைத்தேன். என் கழுத்துத் தழும்பையே பார்ப்பது போல முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நான் வாயசைத்தேன். 'அப்பாவுக்காக நாப்பது நிமிஷம் பொறுக்காதவன் இப்ப எதுக்கு வந்தே? போயிடு.'

மனைவி என் தோளோடு ஒட்டிக் கதவோரம் நின்றிருந்தாள். அவள் குரல் என் வாயோடு ஓடி வந்தது.

"அப்பா போன பிறகு எனக்குன்னு நீ ஒருத்தன்தானே. இப்பவாவது வந்தியே. போயிடாதே."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோபத்தால் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் அது கோபம் மட்டுமல்ல. என் உதடு ஆறு இடத்தில் மூடியது. அவளுடையது ஐந்து. தொடக்கமும் முடிவும் அப்படியே என் வாயில் உட்கார்ந்தன. ஒரு வார்த்தையும் எழுதி வைக்காமல், ஒத்திகை இல்லாமல், விரட்டுகிற வசனத்தை எடுத்து அதே வாய்க்கு நேர்மாறான வசனத்தை ஒட்டியிருந்தாள். நாற்பத்து மூன்று வருடத்தில் இப்படி ஒரு ஒட்டலை நான் செய்ததில்லை. பத்தொன்பது வருடமாக நான் சொல்லி வந்த வசனம் அவளுக்கு மனப்பாடம் என்பது பிறகுதான் உறைத்தது. எங்கே மூடும், எங்கே திறக்கும் என்று தெரிந்துதான் காத்திருந்திருக்கிறாள்.

தம்பி என்னைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றினான்.

"போகலண்ணே. சாப்பிட்டுத்தான் போவேன். அண்ணி, சோறு இருக்கா?"

சாப்பிட்டான். மூன்று தடவை சோறு வாங்கினான். அவன் போன பிறகு அடுப்படியில் நான் அவளிடம் சண்டை போட்டேன். வாயசைவிலேயே போட்டேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டு என் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பாவிட்டால் நான் பேசியதாகவே ஆகாது. முடிவில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னாள்.

"உங்க சத்தம் வரட்டும். வந்ததும் நீங்களே போய் உங்க வசனத்தைச் சொல்லுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

அன்று முதல் எனக்குக் குரல் வேண்டியது தொடருக்காக அல்ல. நான் சொல்லாத ஒன்று என் பேரில் நிற்கிறது. தம்பி இரண்டு ஞாயிறுக்கு ஒரு தடவை வந்தான், லீக்ஸும் தேயிலைத் தூளும் கொண்டுவந்தான், எனக்கு எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். மனைவி அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் பதில் சொல்லமாட்டான், மரியாதை தெரியாதவன் என்று அதையும் நான் குறித்துக்கொண்டேன். அவன் வருவது, நான் சொல்லாத வார்த்தையை நம்பி. மற்றவனுடைய வாய்க்கு என் குரலைக் கொடுத்தே பிழைத்தவன், என் வாய்க்கு மற்றவள் கொடுத்த குரலைத் தாங்க முடியாமல் தவித்தேன்.

கண்டியில் பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் ஓர் இளம் பெண், சிங்களப் பிள்ளை. நெஞ்சில் கையை வைத்து 'ம்' என்று முனகச் சொல்லுவார். ஒரு தடவைக்கு ஐந்து முனகல், நாளைக்கு எட்டுத் தடவை. என் கையில் எதுவும் அதிரவில்லை. வாசலில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு காற்றை ஊதுவேன். எதிர்ச் சரிவில் கொழுந்து எடுப்பவர்களின் பேச்சும் சிரிப்பும் பனிமூட்டத்துக்குள்ளிருந்து தெளிவாகக் கேட்கும். ஆளைக் காணாது, குரல் மட்டும் வரும். ஒரு கால் மைல் தூரத்திலிருந்து ஒரு பெண் இன்னொருத்தியைக் கூப்பிடுகிறாள், அவள் காதுக்கு அது போய்ச் சேருகிறது. இதை அதுவரை ஓர் அதிசயமாக நான் கருதியதில்லை. மூச்சு ஒரு சின்ன இடத்தில் இடித்து ஒலியாகிறது, அந்த ஒலியை நம்பி ஒருத்தி திரும்பிப் பார்க்கிறாள்.

நவம்பர் 20, புதன், காலை ஏழு மணி. குளிர், மழை இல்லை. நூற்றைம்பத்தைந்தாம் நாள். மூன்றாவது முனகலில் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ ஊர்ந்தது. எறும்பு என்று நினைத்துக் கையை எடுத்துப் பார்த்தேன். மறுபடி வைத்து முனகினேன். எறும்பல்ல. பழைய கதவின் கீல் போல ஒரு கீற்று ஒலி. அறுபத்தொரு அப்பாக்களில் எவனுக்கும் அப்படி ஒரு குரல் இருந்ததில்லை. ஆனாலும் அது என் நெஞ்சிலிருந்து வந்தது, அடுப்படி வரை போனது. அங்கே பாத்திரச் சத்தம் நின்றது. அவள் வாசலுக்கு வந்து, கையில் மாவோடு நின்றாள். இன்னும் இரண்டு தடவை முனகிக் காட்டினேன்.

பிறகு மெதுவாக வந்தது. டிசம்பரில் ஒரு சொல், இரண்டு சொல். தைப்பொங்கலுக்கு ஒரு வாக்கியம். டொக்டர் கமெராவை விட்டுப் பார்த்து, இடது நாண் கொஞ்சம் அசைகிறது, மைக்குக்கு முன்னால் போகிற குரல் இனி வராது, வீட்டுக்குப் போதும் என்றார். வீட்டுக்கு எனக்கு வேண்டாம். தம்பிக்கு வேண்டும்.

2025 ஜனவரி 19, ஞாயிறு. நல்ல வெயில், துவைத்துப் பிழிந்த கைக்குட்டை போன்ற சுத்தமான வானம். மனைவியையும் அழைத்துக்கொண்டு மஸ்கெலியாவுக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் வசனத்தை மனதில் ஓட்டினேன். 'அன்னைக்கு அண்ணி சொன்னது நான் சொன்னது இல்ல. நான் சொன்னது வேற.' அதற்கு மேல் எப்படிப் போவது என்று மட்டும் முடிவாகவில்லை. மனைவி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து நீர்த்தேக்கத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். சொன்னபடி குறுக்கே வரவில்லை.

தம்பியின் வீட்டில் தேத்தண்ணி குடித்தோம். பிறகு அவன், அப்பாவைப் பார்த்துட்டு வருவோமாண்ணே என்றான். தேயிலை மலையின் மேல் விளிம்பில், கடைசி நிரைக்கு மேலே, தைல வாசனை வீசும் கருப்பந்தைலச் செடிகளுக்கு நடுவில் அந்த இடம். அவன் முன்னால் ஏறினான், நான் அவன் முதுகுக்குப் பின்னால், மனைவி எனக்குப் பின்னால். மேலே போனதும் அவன் குனிந்து புல்லைப் பிடுங்கத் தொடங்கினான். எனக்கு அதுதான் நேரம் என்று பட்டது. நின்ற இடத்திலிருந்து, என் கீல் குரலில், முழு வசனத்தையும் சொன்னேன். அண்ணி சொன்னது நான் சொன்னது இல்லை என்று சொன்னேன்.

அவன் புல் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் தடவை சொன்னேன். திரும்பவில்லை. மூன்றாம் தடவைக்கு மூச்சு வாங்கியபோது மனைவி முன்னால் போய் அவன் தோளைத் தொட்டாள். அவன் திரும்பி என் வாயைப் பார்த்தான்.

"இப்படி மூஞ்சிக்கு நேரா பேசுங்கண்ணே. காது போயி எட்டு வருஷமாச்சு. அந்த ஸ்டோர்ல முப்பத்தொரு வருஷம் நின்னவனுக்குக் காது என்ன காது?"

ஃபெக்டரியைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். கொழுந்து அரைக்கிற ரோதைகள் ஓடும் அந்த அறைக்குள் பக்கத்தில் நிற்பவன் கத்தினாலும் கேட்காது. அங்கே வேலை செய்கிற எல்லோரும் வாயைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். எனக்குத் தெரியாததல்ல. சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய் அந்த வாசலில் நின்று, சத்தமில்லாமல் சிரித்துக்கொள்ளும் ஆட்களைப் பார்த்திருக்கிறேன். வாயசைவையே தொழிலாக வைத்திருந்தவன், வாயசைவைப் படிக்கிறவன் முன்னால் போய் வாயசைத்திருக்கிறேன்.

அப்போ அன்றைக்கு, என்று மட்டும் கேட்டேன்.

"அன்னைக்கு உங்க வாயையும் பாத்தேன், அண்ணி வாயையும் பாத்தேன். ரெண்டும் வேற வேற. இவ்வளவு தூரம் வந்தாச்சு, எதை எடுத்துக்கிறதுன்னு யோசிச்சேன். அண்ணி பேசினதை எடுத்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டுப் புல்லின் பக்கம் திரும்பினான். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு சிரித்தபடி மறுபடி திரும்பினான். "வயிறும் பசிச்சிச்சு."

ஐந்து மாதத்தில் பன்னிரண்டு ஞாயிறு அவன் என் எதிரில் உட்கார்ந்திருந்தான். நான் உள்ளே என்ன வைத்திருக்கிறேன் என்று முதல் நாளே வாசித்துவிட்டு, லீக்ஸ் கொண்டுவந்தான். கீழே நீர்த்தேக்கம் வெயிலில் ஒரு தகரத் தகடு போலக் கிடந்தது. தோட்டத்தில் யாரோ ஒரு நாயை அதட்டினார்கள், அந்தச் சத்தம் மலையேறி எங்கள் வரைக்கும் வந்தது, தம்பிக்கு வரவில்லை. இவ்வளவு பாடுபட்டுத் திரும்பப் பெற்ற குரல் அவனுக்குக் கேட்கப்போவதே இல்லை. குரல் இல்லாதபோது நான் சொன்னது மட்டும் அவனுக்கு ஓர் எழுத்துத் தப்பாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அவன் முகத்துக்கு நேரே வந்து நின்றேன். அவள் வசனத்தை எடுத்தேன். அப்பா போன பிறகு எனக்குன்னு நீ ஒருத்தன்தானே. கடைசி 'போயிடாதே' வரைக்கும், ஐந்து மூடல். ஒன்றும் தப்பவில்லை. சத்தத்தோடு சொன்னேனா, வாயை மட்டும் அசைத்தேனா என்று எனக்கே தெரியவில்லை. தனக்குக் கேட்டது என்கிறாள் மனைவி.

தம்பி தலையை ஆட்டினான். கையிலிருந்த புல்லில் பாதியை என்னிடம் கொடுத்து, அந்தப் பக்கத்தில் போடச் சொன்னான். பிறகு இருவரும் குனிந்து மீதியைப் பிடுங்கினோம்.

திரும்பும்போது மஸ்கெலியா டவுன் வரை தம்பியே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டான், காசு கொடுக்க விடவில்லை. போகும்போது நாங்கள் பிடித்த ஆட்டோ அறுநூறு, அதில் நூறு கூடுதல் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். பஸ் இரண்டு பேருக்கும் போய்வர நானூற்று அறுபது. கோழிக்கூடு ரக வாழைப்பழம் இரண்டு கிலோ நானூற்று நாற்பது, பிஸ்கட் முந்நூறு, சூடமும் ஊதுபத்தியும் நூற்றைம்பது. அன்றைய செலவு எல்லாமாக ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபா.